எதிர்த்துப் பேச ஒரு ஆள்

என் கணவர் ஆரல்வாய்மொழியில் காற்றாலைக் கோபுரத்திலிருந்து விழுந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடிந்திருக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அந்தக் கணவாயில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. இவர் எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவர். கோபுரம் நிறுத்திக் கொடுக்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். ஆடிக் காற்று தொடங்குவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுவார். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். வீடு சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில்.

கோபுரத்திலிருந்து இறங்கும்போது இடுப்பு பெல்ட்டின் கொக்கியை ஒரு கம்பியிலிருந்து கழற்றி அதற்குக் கீழே உள்ள கம்பியில் மாட்டிக்கொண்டே வர வேண்டுமாம். தரை நெருங்கிவிட்டது என்ற தைரியத்தில் மாட்டாமல் இறங்கியிருக்கிறார். கால் வழுக்கிவிட்டது. முதுகெலும்பு முறிந்தது. கைகள் தப்பின. இடுப்புக்குக் கீழே அசைவோ உணர்வோ எதுவும் மிஞ்சவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ரொம்ப நாள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். திருப்பிப் படுக்க வைத்தால் படுப்பார். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர்தான் தினமும் காலையில் வந்து, நான் வேலைக்குக் கிளம்புவதற்குள் அவரைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பார். "இன்னா சார், ஒரு வார்த்த பேசு சார், பேஜாரா கீது" என்பார். இவர் பதில் சொல்ல மாட்டார். பகல் முழுக்க அவரைத் தனியாக விட்டுவிட்டு ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு எந்த எழுத்தும் கண்ணில் நிற்காது. சாயந்திரம் சந்து முனையில் திரும்பும்போதே நடையை எட்டிப்போடுவேன். கதவைத் திறந்தால் என்ன பார்க்கப்போகிறேனோ என்று.

அந்தச் சமயத்தில் அவருடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர், தன் கம்பெனியில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கூடவே ஒரு மோடம். எங்கள் வீட்டில் போன் இருந்தது. என் அப்பா எப்போதோ எழுதிப்போட்டு, அவர் காலத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த போன் அது. அந்த போன் வயரை மோடத்தில் சொருகி, ஒரு நம்பரைச் சுழற்ற வைத்துக் காட்டினார் நண்பர். கீச்சென்று கத்தியது. கரகரவென்று இழுத்தது. பிறகு கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

குரோம்பேட்டையில் ஒருவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஒரு புல்லட்டின் போர்டு நடத்திக்கொண்டிருந்தார். இன்டர்நெட் என்ற வார்த்தை எங்கள் பக்கத்தில் யார் வாயிலும் வராத காலம். அந்த போர்டுக்கு ஒரே ஒரு போன் லைன். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போக முடியும். போய், மற்றவர்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்து, நம் பதிலை எழுதிவிட்டு வெளியே வந்தால்தான் அடுத்தவர் நுழைய முடியும். பல்லாவரம், பம்மல், பெருங்களத்தூர் என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள்தான் பெரும்பாலும். எல்லாருக்கும் ஒரு புனைபெயர். எழுதுவதெல்லாம் இங்கிலீஷில். வெளியூர் போர்டுகளிலிருந்து அறிவியல் செய்திகள் மொத்தமாக வந்து இறங்கும். சூரிய மின்சாரம், பேட்டரி கார், அணு உலை, ஜாடித் தண்ணீரிலிருந்து சக்தி எடுத்துவிட்டதாக யாரோ சொன்னது என்று எல்லாவற்றையும் போட்டு அலசுவார்கள். அலசுவது என்பது மரியாதையான வார்த்தை. அடித்துக்கொள்வார்கள்.

முதல் சில வாரங்கள் இவர் வெறுமனே படித்தார். பிறகு ஒருநாள் சாயந்திரம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இங்க வந்து இதைப் படிச்சுப் பாரு. இவனுக்கு ஏதாவது தெரியுமா? வருஷத்துல பாதி நாள் காற்றாலை சும்மா நிக்குது, அது ஒரு பொம்மைன்னு எழுதறான்."

அவர் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். விழுந்த பிறகு அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

காற்றாலையைப் பொம்மை என்று எழுதியவர் ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்தும் பேராசிரியர். அணு உலை கட்சி. எந்தச் செய்தி வந்தாலும் கடைசியில் அணு மின்சாரம்தான் கதி என்று கொண்டுவந்து நிறுத்துவார். கிண்டல் அவருக்குச் சரளமாக வரும். இவரும் சளைக்கவில்லை. காற்றடிக்கும் மாதங்களில் அணைத் தண்ணீரைத் திறக்காமல் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், காற்று ஓய்ந்ததும் திறந்துவிட்டு மின்சாரம் எடுங்கள், காற்றும் தண்ணீரும் முறைவைத்து வேலை செய்யும் என்று எழுதினார். மழை பொய்த்தால் என்ன செய்வீர் என்று அவர் கேட்டார். அணு உலையில் எரிந்து மிஞ்சுவதை எங்கே புதைப்பீர், உங்கள் வீட்டுத் தோட்டத்திலா என்று இவர் கேட்டார். நீர் எப்போதாவது காற்றாலையைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீரா, இல்லை, ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரியா என்று அவர் எழுதினார்.

அதைப் படித்தபோது நான் இவர் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிடுங்களேன்" என்றேன்.

"எதுக்கு? சொன்னா என் வாதம் ஜெயிச்சுடுமா? கீழ விழுந்தவன்ங்கறது ஒரு பாயிண்ட்டா?"

இறக்கையின் கோணத்தைப் பற்றியும் கியர் பெட்டியின் சூட்டைப் பற்றியும் விவரமாக ஒரு பதில் எழுதினார். தன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அப்படியே ஏறக்குறைய இரண்டு வருஷம் ஓடியது. என் வாழ்க்கையில் நன்றாக இருந்த காலம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன், கேட்க வேடிக்கையாக இருக்கும். ஊசி, டியூப், படுக்கைப் புண் எல்லாம் இருந்தபடியேதான் இருந்தன. ஆனால் அவர் தினமும் ஷேவ் செய்துகொண்டார். ரசத்தில் புளி ஜாஸ்தி என்று என்னோடு சண்டை பிடித்தார். லைப்ரரியிலிருந்து இன்ன புத்தகம் வேண்டும் என்று என்னை அலையவைத்தார். நான் கொண்டுவருவது வேறு பதிப்பாக இருந்தால் கத்துவார். பகலில் போர்டின் லைன் கிடைக்காமல் திரும்பத் திரும்ப நம்பரைச் சுற்றிக்கொண்டிருப்பார். யாரோ உள்ளே இருக்கிறான், அந்த வாத்தியாராகத்தான் இருக்கும், எனக்கு எதிராக எழுதிக்கொண்டிருப்பான் என்று சொல்லும்போது அந்தக் குரலில் இருந்த ஆசையை நான் அறிவேன். எனக்கு அந்தப் பேராசிரியர் மேல் பொறாமைகூட வந்ததுண்டு.

ஒருமுறை பொறுக்க முடியாமல் கேட்டேன். "உங்களை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்ததே அந்தக் காற்றாலைதான். அதையே ஏன் தூக்கிப் பிடிக்கிறீங்க?"

"அது என்னைத் தள்ளலை. கொக்கி மாட்டாம இறங்கினது நான்" என்றார். பிறகு கீபோர்டைப் பார்த்தபடி, "அதுவும் உதவாத விஷயம்னு ஆயிட்டா, அப்புறம் நான் எதுக்குத்தான் விழுந்தேன்?" என்றார்.

போர்டுக்காரர்கள் அவ்வப்போது நேரில் சந்தித்துக்கொள்வார்கள். ஏதாவது ஒரு ஹோட்டலில் கூடி, டிபன் சாப்பிட்டு, அங்கேயும் சண்டை போட்டுவிட்டுக் கலைவார்கள். ஒவ்வொரு தடவையும் இவர் ஒரு சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை பேராசிரியர் போர்டில் எழுதினார்: காற்றாலைக்காரர் வெயிலில் தலைகாட்ட மாட்டார் போலிருக்கிறது, நேரில் வந்தால் பதில் சொல்ல வேண்டியிருக்குமே.

கிண்டல்தான். வழக்கமாக எழுதுவதைவிட ஒன்றும் கடுமையானதில்லை. ஆனால் இவர் அன்று முழுக்க அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். மறுநாள் நான் ஆபீசிலிருந்து வந்தபோது, "எல்லாரையும் நம்ம வீட்டுக்கு வரச் சொல்லி எழுதிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை" என்றார்.

எனக்கு என்னவோ போல் இருந்தது. "வேணாங்க" என்றேன்.

"எத்தனை நாள் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கறது? நான் எப்படி யோசிக்கறேன்னு அவங்களுக்குத் தெரியும். இத்தனை நாள் பழகியிருக்கோம். கால் விளங்காதுன்னு தெரிஞ்சா என்ன ஆயிடும்?"

அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. சனிக்கிழமையே வீட்டைக் கழுவினேன். ஞாயிறு காலையில் ஆட்டோக்காரர் வந்து அவருக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டிவிட்டு, சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை வெளியே தெரியாதபடி இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரு பெட்ஷீட்டைப் போர்த்தினார். "கல்யாண மாப்ள மாதிரி கீறே சார்" என்றார். இவர் வாய்விட்டுச் சிரித்தார். என்னென்ன கேள்விகள் வரும், எதற்கு எப்படி மடக்க வேண்டும் என்றெல்லாம் எனக்கு ஒப்பித்துக் காட்டினார்.

வந்தார்கள். கேம்ப் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, சந்தில் நடந்து வரும்போதே பேராசிரியரின் குரல் பெரிதாகக் கேட்டது. "எங்கேய்யா இருக்கார் அந்தக் காத்தாடிக்காரர்? இன்னிக்கு விடறதா இல்லை!" மற்றவர்கள் சிரிப்பதும் கேட்டது. நான் கதவைத் திறந்து, "வாங்க வாங்க, உள்ள இருக்கார்" என்றேன். நல்ல உயரமாக, பருமனாக, கையில் மடித்த செய்தித்தாள் கட்டோடு அவர்தான் முதலில் உள்ளே வந்தார்.

ஹாலுக்குள் இரண்டு அடி வைத்தவர் நின்றார். பின்னால் வந்தவர்கள் அவர் முதுகில் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"வாங்க சார்" என்றார் இவர் உற்சாகமாக. "அணு உலையிலேர்ந்து நேரா வர்றீங்களா? கை கால் எல்லாம் ஜொலிக்குதே!"

யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் சிரிக்க முயன்றார். எல்லாரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். போர்டு நடத்தும் குரோம்பேட்டைக்காரர்தான் கடைசியில் மெதுவாகக் கேட்டார், "எப்படி சார் ஆச்சு?"

"காற்றாலையிலேர்ந்து விழுந்துட்டேன். ஆரல்வாய்மொழியில" என்றார் இவர், பஸ் நம்பர் சொல்வது போல. "அதை விடுங்க. போன வாரம் அந்த பேட்டரி விஷயத்துல நீங்க சொன்ன கணக்கு தப்பு சார், நான் சொல்றேன் பாருங்க..."

பேராசிரியர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை பெட்ஷீட்டுக்குப் போகும், உடனே சுவர்க் காலண்டருக்குப் போகும். "அதுக்கப்புறமுமா சார் நீங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கணக்கு தப்பு என்று இவர் சொன்னதற்கு, "இருக்கலாம் சார், இருக்கலாம்" என்றார். கொண்டுவந்த செய்தித்தாள் கட்டை அவர் பிரிக்கவே இல்லை. வேளச்சேரி ரோடு மோசமாக இருப்பதைப் பற்றிப் பேசினார்கள். கிரிக்கெட் பேசினார்கள். நான் போட்டுக் கொடுத்த பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். கிளம்பும்போது பேராசிரியர் தன் காபி டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு சமையலறை வாசல் வரை வந்தார். கண் கலங்கியிருந்தது. "பெரிய மனுஷன்மா உங்க வீட்டுக்காரர்" என்றார்.

பேராசிரியர் இவரைத் திட்டிக்கொண்டே போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர்கள் போன பிறகு இவர், "முதல் தடவை இல்ல, அதான் கூச்சம். போர்டுல பழையபடி ஆயிடுவாங்க" என்றார்.

ஆகவில்லை. மறுநாளிலிருந்தே போர்டின் தொனி மாறிவிட்டது. இவர் எழுதியதற்குக் கீழே, நன்றாகச் சொன்னீர்கள், சிந்திக்க வேண்டிய விஷயம், உங்கள் மனஉறுதிக்குத் தலைவணங்குகிறேன் என்று வந்தது. பேராசிரியர் மற்றவர்களோடு பழையபடி மல்லுக்கட்டினார். சூரிய மின்சாரத்தைப் பற்றி யாரோ எழுதியதைக் கிழித்துத் தோரணம் கட்டினார். இவர் பெயர் வந்தால் மட்டும் குரல் தணிந்துவிடும். காற்றாலைக்கும் அதற்குரிய இடம் உண்டு என்று எழுதினார். இரண்டு வருஷமாக அவர் வாயிலிருந்து பிடுங்க முடியாத வாக்கியம் அது. அதை வாசித்தபோது இவர் திரையைத் தட்டிப் பார்த்தார், ஏதோ கோளாறு என்பது போல.

கொஞ்ச நாள் பொறுத்தார். காரசாரமாக எழுதிப் பார்த்தார். பேராசிரியரைப் பெயர் சொல்லி வம்புக்கு இழுத்தார். ஒன்றும் பலிக்கவில்லை. பிறகு ஒரு சாயந்திரம் என்னைக் கூப்பிட்டு, "இன்னிக்கு என்ன எழுதியிருக்கேன் பாரு" என்றார்.

நல்ல முறையில் வடிவமைத்த காற்றாலை, தன் மேல் மோதும் காற்றின் சக்தி முழுவதையும், கொஞ்சமும் வீணாகாமல், மின்சாரமாக மாற்றிவிடும் என்று எழுதியிருந்தார்.

அது தப்பு என்று எனக்கே தெரியும். அவர்தான் ஒருமுறை நான் காய் நறுக்கும்போது சொல்லிக் கொடுத்திருந்தார். காற்று தன்னிடம் உள்ளதையெல்லாம் இறக்கைக்குக் கொடுத்துவிட்டால், இறக்கைக்குப் பின்னால் அது அப்படியே அசையாமல் நின்றுவிட வேண்டியதுதான். நின்றுவிட்ட காற்று பின்னால் வரும் காற்றுக்கு வழிவிடாது. அதனால் பாதிக்குக் கொஞ்சம் மேலே எடுத்தாலே பெரிய காரியம். காற்றாலை பற்றிப் படிக்கும் எவரும் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் அது. பேராசிரியரே இதை வைத்துப் பழைய நாட்களில் ஒருவரை வாரக்கணக்கில் வறுத்தெடுத்திருக்கிறார்.

"ஏன் இப்படி எழுதினீங்க?" என்றேன்.

"பாக்கலாம்" என்றார்.

பார்த்தோம். ஒவ்வொருவராக உள்ளே வந்து படித்துவிட்டுப் போனது போர்டின் வருகைப் பட்டியலில் தெரிந்தது. சிலர் ஒன்றும் எழுதவில்லை. ஒருவர் அருமை என்று எழுதினார். கடைசியில் பேராசிரியர் எழுதியிருந்தார்: சுவாரஸ்யமான கோணம். களத்தில் நின்றவர் சொல்லும்போது நாம் கேட்டுக்கொள்வதுதான் முறை.

இவர் அதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். முதலில் சிரித்தார். தோள்கள் குலுங்கச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். அவர் நிறுத்திய பிறகுதான் அது சிரிப்பு இல்லை என்று எனக்குப் புரிந்தது. நாற்காலிக்குப் பின்னால் நின்று அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். "சின்னப் பையன் செஸ் ஆடினா விட்டுக்கொடுப்பாங்களே, அந்த மாதிரி விட்டுக்கொடுத்துட்டாங்கடி" என்றார். கையை நீட்டி மோடத்தின் சுவிட்சை அவரே அணைத்தார்.

அடுத்த நாள் ஆபீசிலிருந்து பேராசிரியருக்கு போன் போட்டேன். குரோம்பேட்டைக்காரரிடம் நம்பர் வாங்கியிருந்தேன். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாதவள் நான். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே கேட்டேன்.

"அவர் எழுதினது தப்புன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும்மா. படிச்ச உடனே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் திருத்தலை?"

"எழுத உட்கார்ந்தேம்மா. அந்த பெட்ஷீட் ஞாபகம் வந்துடுச்சு. எப்படிம்மா மனசு வரும்?"

"பெட்ஷீட்டுக்குக் கீழ இருக்கறது அவர் காலு சார். அவர் மூளை இல்லை."

அவர் நல்ல மனிதர். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பலமுறை சொன்னார். நேரில் வருகிறேன், பழையபடி சண்டை போடுகிறேன், நீங்கள் போன் செய்ததைச் சொல்ல வேண்டாம் என்றார். அடுத்த விடுமுறை நாளில் வந்தார். உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். காற்றாலை ஊரை ஏமாற்றும் வேலை, அணு மின்சாரம் இல்லாமல் இந்த நாட்டுக்கு விடிவே கிடையாது என்று சத்தமாகச் சொன்னார். மேசையைக்கூடத் தட்டினார். ஆனால் ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் இவர் முகத்தைப் பார்த்தார், வலிக்கிறதா என்று டாக்டர் பார்ப்பது மாதிரி.

இவர் கடைசி வரை கேட்டார். "நீங்க சொல்றது சரிதான் சார்" என்றார்.

"இல்ல சார், நீங்க எதிர்த்துச் சொல்லணும்!" பேராசிரியரின் குரல் உடைந்தது. "அந்த அணைத் தண்ணி பாயிண்ட் சொல்லுவீங்களே, அதைச் சொல்லுங்க."

"எதுக்கு சார் உங்களுக்குச் சிரமம்? காபி சாப்பிடுங்க."

பேராசிரியர் காபியைக் குடித்தார். வெளியே வந்து கேட் அருகே நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு இவர் எல்லாவற்றுக்கும் சம்மதிக்கிற ஆளாகிவிட்டார். இதை எப்படிச் சொன்னால் புரியும் என்று தெரியவில்லை. விழுந்த புதிதில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாரே, அதில் ஒரு கோபமாவது இருந்தது. இப்போது முகத்தைத் திருப்பவில்லை. கேட்டதற்கெல்லாம் சிரித்த முகத்தோடு பதில் சொன்னார். ரசம் எப்படி இருக்கு என்றால் நல்லா இருக்கு என்பார். வேண்டுமென்றே உப்புப் போடாமல் வைத்துப் பார்த்தேன். நல்லா இருக்கு என்றார். டாக்டர் மருந்தை மாற்றினால் சரி. என் அண்ணன் வந்து, கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டிவி வைக்கலாமா என்று கேட்டால் அதுவும் சரி. உறவுக்காரர்கள் எல்லாம் இப்போதுதான் மனுஷன் பக்குவப்பட்டிருக்கிறார் என்று மெச்சினார்கள். அவர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போலிருக்கும் எனக்கு.

நானே எதிர்க்கட்சியாகிப் பார்த்தேன். லைப்ரரியில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்து, காற்றாலைகளால் பறவைகள் சாகின்றனவாம், ஆடி முடிந்தால் அத்தனையும் இரும்புக் குப்பைதானாம் என்று ஆரம்பித்தேன். ஆமாம், அப்படியும் சொல்றாங்க என்றார். ஒரு மழைநாள் சாயந்திரம், கரண்ட் இல்லாமல் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். வேறு வழி தெரியாமல் கேட்டேன்.

"அப்ப நீங்க விழுந்தது வீண்தானே?"

அவர் கத்துவார், கையில் இருப்பதை என் மேல் எறிவார் என்று எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால் அவர் காலைக் கட்டிக்கொண்டு கும்பிட்டிருப்பேன்.

"ஆமா" என்றார், அன்பாக. "வீண்தான்."

அதற்குப் பிறகு நான் முயற்சி செய்யவில்லை.

குரோம்பேட்டைக்காரர் ஒருநாள் போர்டை மூடிவிட்டார். இன்டர்நெட் வந்துவிட்டது, இனி யார் இந்த ஒற்றை லைனில் காத்திருப்பார்கள் என்று அவரே போன் செய்து சொன்னார். தாம்பரம் மேற்கில் ஸ்டேஷனுக்கு எதிரே பிரவுசிங் சென்டர்கள் வந்தன. ஆபீஸ் விட்டு வரும்போது ஒன்றில் நுழைந்து, அங்கிருந்தவரிடம் கேட்டுக்கேட்டு, காற்றாலையைப் பற்றி உலகம் முழுக்க ஆட்கள் சண்டை போடும் ஒரு இடத்தைக் கண்டுபிடித்தேன். எத்தனை பேர்! யாருக்கும் யாருடைய காலும் தெரியாது. சில பக்கங்களை பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன்.

அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். "நல்லா எழுதறாங்க" என்றார்.

"வீட்டுக்கே கனெக்‌ஷன் வாங்கிடலாங்க. இங்க உங்களை யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்றார். காகிதங்களை ஒழுங்காக அடுக்கி என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

முதுகெலும்பு முறிந்தவர்களுக்குக் கடைசியில் சிறுநீரகம்தான் எமன் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அப்படித்தான் ஆயிற்று. காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கலாமா என்றபோது சரி என்றார். வேண்டாம், வீட்டுக்கே கூட்டிப்போய்விடுங்கள் என்று டாக்டர்கள் சொன்னபோதும் சரி என்றார். புது வருஷத்துக்கு, புது நூற்றாண்டுக்கு என்று ஊரெல்லாம் தடபுடலாக இருந்த அந்த மார்கழியில் போய்ச் சேர்ந்தார்.

போர்டு ஆட்கள் எப்படியோ தகவல் தெரிந்து சுடுகாட்டுக்கு வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் அங்கே போவதில்லை. நான் போனேன். யாரும் தடுக்கவில்லை. எல்லாம் முடிந்து கிளம்பும்போது பேராசிரியர் என்னிடம் வந்தார். ரொம்ப மெலிந்திருந்தார்.

"அவரை மாதிரி என்னை யாரும் அந்த வாங்கு வாங்கினதில்லைம்மா" என்றார். "அவருக்குப் பதில் எழுதணும்னே ராப்பகலா படிப்பேன்."

"இதை அவர் கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்" என்று சொல்லியிருக்கலாம். அப்படித்தான் சொல்வார்கள். என்னால் முடியவில்லை.

"நீங்கதான் சார் முதல்ல நிறுத்தினீங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். என் அண்ணன் ஆட்டோ நிற்பதாகக் கூப்பிட்டான். ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பி மெயின் ரோட்டுக்கு வரும்வரை அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.